சந்தியா பிறந்த வருஷத்துப் போர்ட்

புதுச்சேரி
9.8.2024

அன்புள்ள துளசிங்கத்துக்கு,

நலமா? கருப்பனின் மீன் வண்டியில் முப்பது மில்லி அனுப்பியிருக்கிறேன். வழக்கமான ஹோமியோபதிக் குப்பி, வழக்கமான விதி: ருசியைப் போனில் சொன்னால் செல்லாது, காகிதத்தில் எழுத வேண்டும். கப்பல் பாரில் வேலை பார்த்த நம் நாலு பேரில் இந்த விதியை மதிக்க நீயும் நானும்தான் மிச்சம்.

இந்தத் தடவை விஷயம் பெரிது. என் மகள் சந்தியா பிறந்த 1996-ஆம் வருஷத்துப் போர்ட் ஒயின், போர்ட்டோ துறைமுகத்தில் நாம் பேரம் பேசி வாங்கினோமே, அதைத் திறந்துவிட்டேன். அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி அவள் கல்யாண விருந்தில் சம்பந்தி வீட்டாருக்கு அதைத்தான் ஊற்றப்போகிறேன். கார்க் ஓரம் கசிந்திருந்தது, அதுதான் பயம். ஈரல் கெட்டு, குடிப்பதில்லை என்று மாதா முன்னால் சத்தியம் பண்ணி ஐந்து வருஷம் ஆகிறது. முகர்ந்து பார்க்கக்கூட என் வீட்டுக்காரி மஞ்சு விடுவதில்லை. மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டுதான் குப்பியில் ஊற்றினேன், சிரிக்காதே.

உன் மூக்கு சரி என்றால் ஊற்றுவேன். இல்லாவிட்டால் கடையில் வேறு வாங்கிக்கொள்கிறேன்.

உன்
ஸ்டீபன்

லைட்ஹவுஸ் குப்பம்
17.8.2024

அன்பு ஸ்டீபா,

சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து சொட்டுச் சொட்டாகக் குடித்தேன். முதலில் காய்ந்த அத்திப்பழம். அப்புறம் வறுத்த பாதாம், ஆரஞ்சுத் தோல். தொண்டையில் இறங்கிய பிறகும் பழைய மரப்பெட்டி வாசனை விடவில்லை. ஒன்றும் கெடவில்லை, தைரியமாக ஊற்று.

என் பெண்டாட்டி மாலதி வழக்கம்போல முகம் சுளித்தாள். "இன்னாய்யா இது, ஈர சாக்கு நாத்தம் அடிக்குது"ன்னாள். நேற்று மழையில் கருவாட்டுச் சாக்கெல்லாம் நனைந்து கிடக்கிறது, அதைச் சொல்கிறாள். போர்ட்டின் அருமை அவளுக்கு என்ன தெரியும்?

முகத்துவாரம் மணல் அடைத்து ஏரியில் இறாலே இல்லை. படகை விற்றாயிற்று. உன் குப்பி வருகிற நாள்தான் எனக்கு நாள். முட்டிவலி, கல்யாணத்துக்கு வர முடியாது. பிள்ளைக்கு என் ஆசி.

துளசிங்கம்

புதுச்சேரி
15.9.2024

துளசிங்கம்,

கல்யாணம் முடிந்தது. சம்பந்தி முதல் வாயைக் கைக்குட்டையில் துப்பினார். "ஊறின சாக்குத் தண்ணி மாதிரி கீதே"ன்னு அவர் தம்பி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். கோப்பைகள் ஒவ்வொன்றாக மேசைக்குத் திரும்பின. சந்தியா மட்டும் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குப்பா" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

தங்கச்சி மாலதிக்குத் தள்ளி நின்றே தெரிந்தது, உனக்கு எப்படித் தெரியாமல் போகும்? என்மேல் என்ன பகை? நேராகச் சொல்.

ஸ்டீபன்

லைட்ஹவுஸ் குப்பம்
22.9.2024

அன்புள்ள ஸ்டீபா,

பகையா? உன்மேலா?

எனக்கு மூன்று வருஷமாக வாசனையே தெரியாது. 2021-இல் வந்த காய்ச்சலோடு போயிற்று. கருவாடு, மண்ணெண்ணெய், மாலதி தலையில் வைக்கும் மல்லி, எனக்கு எல்லாம் ஒன்றுதான். போர்ட் வாயில் வெறும் சர்க்கரைத் தண்ணீர். சொன்னால் குப்பி அனுப்புவதை நிறுத்திவிடுவாய் என்று பயந்தேன். கப்பலில் குடித்ததை நினைவில் வைத்து எழுதிக்கொண்டிருந்தேன். மாலதி சொன்னபோது திக்கென்றது. சாக்கைத்தான் சொல்கிறாள் என்று என்னையே நம்பவைத்தேன்.

வெட்கமாக இருக்கிறது. சந்தியாவிடம் நேரில் வந்து மன்னிப்புக் கேட்கிறேன். ஒரு வரி எழுது.

துளசிங்கம்

புதுச்சேரி
14.10.2024

துளசிங்கத்துக்கு,

கருப்பனிடம் இந்தத் தடவை குப்பி இல்லை, கடிதம் மட்டும்தான்.

மூக்கு போனதைச் சொல்லியிருந்தால் உன்னோடு சேர்ந்து அழுதிருப்பேன், குப்பியும் அனுப்பியிருப்பேன். விருந்தில் பட்ட அவமானத்தைச் சந்தியா மறந்துவிட்டாள், நானும் மறந்துவிடுவேன்.

ஆனால் சத்தியம் பண்ணிய பிறகும் நான் ஏன் விடாமல் அனுப்பினேன் என்று நீ ஒருநாளாவது யோசித்தாயா? உன் கடிதம் வந்ததும் மாடிக்கு எடுத்துப்போய் வரி வரியாகப் படிப்பேன். நீ அத்திப்பழம் என்று எழுதினால் எனக்கு நாக்கில் அத்திப்பழம் ஊறும். ஐந்து வருஷமாக நான் குடித்ததெல்லாம் அதுதான்.

நேற்று எல்லாக் கடிதங்களையும் எடுத்துப் படித்தேன். மூக்கு இருந்தபோது எழுதியது எது, இல்லாதபோது எழுதியது எது என்று பிரிக்க முடியவில்லை. எதிலும் ருசி வரவில்லை.

பதிலுக்கு நிற்க வேண்டாம் என்று கருப்பனிடம் சொல்லிவிட்டேன். தங்கச்சி மாலதியைக் கேட்டதாகச் சொல். அவள் மூக்கு நல்ல மூக்கு.

ஸ்டீபன்