பூத்த புல்லும் அவரைக் கொடியும்

மஸ்கட்
12.9.1996

அன்புள்ள துளசிமணிக்கு,

நான் நலம். நீயும் பாப்பாவும் நலம்தானே? அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

இங்கே சின்னதாக ஒன்று நடந்தது. பயப்படாதே, வேலை போகவில்லை. நான் பார்க்கும் பங்களாத் தோட்டத்தில் ஆளுயரப் புல் ஒன்று வெள்ளையாகப் பூத்திருந்தது. விதை விழுந்தால் தோட்டமே பாழாகிவிடும் என்று, வீட்டுக்காரர்கள் இரண்டு மாதம் வெளியூர் போயிருந்தபோது வேரோடு பிடுங்கிவிட்டு, நீ கொடுத்தனுப்பிய அவரை விதையை ஊன்றினேன். கொடியும் ஏறிவிட்டது.

நம் மேட்டுப்பாளையத்துப் பிரான்சிஸ்தான் இங்கே மேஸ்திரி. பார்த்ததும் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"ஏனுங்க, அது அழகுக்கு வெச்ச புல்லுங்க! கப்பல்ல வந்ததுங்க!"

"மாடு திங்குமுங்களா?"

"மாடு எதுக்குங்க திங்கோணும்? பாக்கறதுக்குங்க!"

யோசித்துப் பார்த்தேன். அவரைக்குப் பந்தல் வேண்டும், தண்ணீர் வேண்டும், தினமும் பறிக்க ஓர் ஆள் வேண்டும். அந்தப் புல் யாரையும் எதிர்பார்க்காமல் இந்த வெயிலில் நிற்கும். இங்கே அதற்குத்தான் மரியாதை.

திரும்பி வந்த வீட்டம்மா நல்லவர், கத்தவில்லை. அவரையைக் கொல்லைப்புறம் வைத்துக்கொள்ளச் சொன்னார். முன்புறம் புதுப்புல் நட்டு, அது பழைய உயரத்துக்கு வந்த பிறகு லீவில் போகலாம் என்றும் சொன்னார்.

அதனால் பாப்பாவின் காதுகுத்தை ஐப்பசியில் வைக்க வேண்டாம். தைக்குத் தள்ளிவைக்கும்படி உன் அண்ணனிடம் பக்குவமாகச் சொல். பாப்பா இப்போது எவ்வளவு உயரம் என்று ஒரு நூலில் அளந்து, கடிதத்துக்குள் வைத்து அனுப்பு.

ஊருக்கு வரும் இல்யாஸ் இந்தக் கடிதத்துக்காக வாசலில் நிற்கிறார். களையெடுத்தே வளர்ந்த நான், சீக்கிரம் வளரச் சொல்லித் தினமும் புல்லுக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். இன்னும் ஒரு சாண்கூட ஆகவில்லை.

உன்,
சிவசாமி