பொட்டு வைத்த ஹப்

செவ்வாய், ராத்திரி.

பென்னலூர் முருகேசன் அண்ணனின் பழைய ஜீப்புக்கு முன்சக்கர பேரிங் மாற்றிக் கொடுத்தேன். சாயங்காலம் ஏரிச் சேற்றில் சிக்கிக்கொண்டு அவரிடமிருந்து போன்: "முன்வீலு இழுக்கவே இல்லடா! இன்னா வேல பாத்த?"

ஒர்க்‌ஷாப் ஓனர், "சரி பண்ணலன்னா, நாளைலேர்ந்து பழையபடி கம்பெனி பஸ்லயே ஏறிக்கோ" என்றார். காலேஜைப் பாதியில் விட்டவன்தான், ஆனால் அந்த ஃபேக்டரி லைன் வேலைக்குத் திரும்பிப் போக மாட்டேன். ஏரிக்கு ஓடினேன்.

புது பேரிங்குக்கு அண்ணன் பூஜை போட்டிருக்கிறார். முன்சக்கரங்களின் நடுவில் திருகும் இரண்டு ஹப்பிலும் தோசை கனத்துக்குச் சந்தனம், மேலே குங்குமம். லாக்கில் வைத்தால்தான் இன்ஜின் முன்சக்கரத்தை இழுக்கும், ஃப்ரீயில் சும்மா உருளும்; அந்த எழுத்தே தெரியவில்லை. துடைத்தேன். இரண்டும் ஃப்ரீயில் நின்றன. லாக்குக்குத் திருப்பியதும் ஜீப் துள்ளி மேலே வந்தது.

"வேல ஓகேதான். பொட்ட ஏன்டா அழிச்ச? திருப்பி வெச்சாத்தான் வண்டிய எடுப்பேன்."

வைத்தேன், எழுத்தை விட்டுத் தள்ளி. அவரே ஓனருக்குப் போன் போட்டு, "கெட்டிக்காரன்பா" என்றார்.

காலையில் அந்த பஸ் என்னை விட்டுவிட்டுப் போகட்டும்.