விடுதலை கேட்ட பார்சல்

என் குறும்புகளுக்கெல்லாம் பாதிப் பங்காளியான சின்ன மாமாவுக்கு,

முதலில் ஒரு செய்தி. கதிரையைப் பிடித்துக்கொள்ளுங்கள், அங்கே கதிரை இருந்தால். உங்கள் அக்காவிடமிருந்தும் அத்தானிடமிருந்தும் சட்டப்படி விலகுவதற்கு நான் மனு எழுதினேன். பதினைந்து வயதும் பத்து மாதமும் ஆன உங்கள் மருமகள், தனியாக ட்ராம் ஏறி, ரயில் மாறி, ஒரு சொலிசிட்டருக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள்.

சிரிக்க வேண்டாம். சரி, சிரியுங்கள். நீங்கள் சிரித்து ஒன்றரை வருஷமாகிறது.

உங்கள் முப்பத்தோராம் நாளுக்கு அச்சடித்த நினைவுப் புத்தகத்தில் உங்களை ‘அமைதியே உருவானவர்’ என்று ஒரு பாட்டில் எழுதியிருந்தார்கள். அழுதுகொண்டிருந்த நான் அந்த வரி வந்ததும் விக்கிச் சிரித்துவிட்டேன். நீங்கள் பார்சல் வான் ஓட்டிய நாட்களில், பிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டிக்குள் என்னை அடைத்து, மஞ்சள் ஜாக்கெட்டோடு எங்கள் வாசலில் நின்று, அம்மாவிடம் கையெழுத்துக் கேட்டதுதான் அந்த அமைதியா? அம்மா பேனையை வாங்கவும் நான் உள்ளே தும்மவும் சரியாக இருந்தது. அவர் எறிந்த பேனை உங்கள் நெற்றியில் பட்ட தழும்பைப் பற்றிப் பாட்டில் ஒரு வார்த்தை இல்லை. அந்தப் பிழையைத் திருத்தத்தான் இந்தக் கடிதத்தை எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி மலருக்குக் கொடுக்கிறேன். எழுத்துப் பிழைகளை ரீச்சர் திருத்தட்டும். மற்றதில் கை வைக்க விடமாட்டேன்.

மனு எதற்கு என்று கேட்கிறீர்களா? என் சாமத்தியச் சடங்குதான்.

நான் பெரியபிள்ளையானதும் நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனதும் ஒரே கிழமையில். தம்பி எழும்பி வரட்டும், பிறகு செய்யலாம் என்று அம்மா தள்ளிப்போட்டார். தலையில் முதல் தண்ணீர் வார்க்க வேண்டியவர் தாய்மாமன். அம்மாவுக்கு இருந்த ஒரே தம்பி நீங்கள். கட்டிலில் கிடந்தபடியே நீங்கள் என் காதுக்குள் சொன்னது நினைவிருக்கிறதா? “ஐஸ் போட்ட தண்ணிதான் வார்ப்பன். நீ கத்துற கத்தில வீடியோக்காரன் கமராவைப் போட்டிட்டு ஓட வேணும்.” அம்மா பக்கத்துக் கதிரையில் நித்திரையாக இருந்தார். அல்லது நாம் இருவரும் அப்படி நினைத்தோம்.

நீங்கள் எழும்பி வரவில்லை.

உங்கள் ஆண்டுத் திவசம் முடிந்து சில மாதங்களில் அம்மா மண்டபம் பதிந்தார். நானூறு பேர், பல்லக்கு, என் உயரத்துக்கு ஒரு கேக். அப்பா ஹெலிகொப்டர் பற்றியும் விசாரித்தார். நாங்கள் இருக்கிற மிச்சம் (Mitcham) என்ற லண்டன் மூலையில் ஹெலிகொப்டரை எங்கே இறக்குவதாம், ட்ராம் பாதையிலா? அதைக்கூடப் பொறுத்திருப்பேன். ஆனால் ஒரு பின்னேரம் அம்மா போனில் பேசுவது காதில் விழுந்தது. தாய்மாமன் இடத்தில் நிற்க ஜெர்மன் மாமா வருகிறாராம். டிக்கெட்டும் போட்டாயிற்றாம்.

ஜெர்மன் மாமா அம்மாவின் பெரியப்பா மகன். நல்ல மனிதர். வாழ்க்கையில் இரண்டு தரம் என்னைக் கண்டிருக்கிறார், இரண்டு தரமும் எத்தனையாம் வகுப்பு என்று கேட்டுச் சொக்லேட் தந்திருக்கிறார். அவரில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் நீங்கள் வார்ப்பதாகச் சொன்ன தண்ணீரை அவர் வார்ப்பார். அந்தப் படம் பெரிதாகி எங்கள் சுவரில் தொங்கும். உங்கள் இடத்தில் இன்னொரு முகம் நின்றுவிட்டால், பிறகு அது உங்கள் இடம் என்று யாருக்குத் தெரியும்?

மாட்டேன் என்று மூன்று தரம் சொன்னேன். சடங்குக்கு மாமன் வேண்டும், வாய் காட்டாதே என்று அம்மா மூன்று தரமும் முடித்துவிட்டார்.

அப்போதுதான் இணையத்தில் அந்தச் சொல்லைக் கண்டேன்: பெற்றோரிடமிருந்து விடுதலை. ஒரு நீதவான் ஒரு முத்திரை குத்தினால் போதும், நம் தலையில் யார் தண்ணீர் வார்ப்பது என்று நாமே முடிவு செய்யலாம். படிவத்தை இறக்கி நிரப்பினேன். மாநிலம் எது என்று கேட்டிருந்தது, மிச்சம் என்று எழுதினேன். மாவட்டம் எது என்று கேட்டிருந்தது, நாங்கள் ஏறும் ரயில் பாதையின் பெயரான டிஸ்ட்ரிக்ட் லைன் என்று எழுதினேன். அடியில் பெற்றோர் சம்மதிக்கும் கையெழுத்துக்கு இரண்டு கோடுகள். அப்பாவின் கையெழுத்தை அப்பாவைவிட நான் நன்றாகப் போடுவேன், உங்களுக்குத் தெரியும். இந்த முறை மட்டும் அசல் கையெழுத்து வேண்டும் போல இருந்தது.

எந்தச் சொலிசிட்டரிடம் போனேன் தெரியுமா? அப்பாவின் அகதி வழக்கைப் பேசியவரிடமே! நம் ஆட்களுக்கு விசாவுக்கும் அவர்தான், வீடு வாங்கவும் அவர்தான், டிவோர்சுக்கும் அவர்தான். அப்பாவை விட்டு விலக அப்பாவின் சொலிசிட்டரிடம் போகக்கூடாது என்பது ரெய்னர்ஸ் லேன் ஸ்டேஷனில் இறங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. திரும்பிப் போகலாமா என்று யோசித்தேன். பயணம் ஒன்றேகால் மணித்தியாலம், மாமா. கோபம்கூட அவ்வளவு தூரம் போனால் திரும்பாது.

சேலைக் கடைக்கு மேல் மாடியில் அவர் அலுவலகம். அவர் சிரிக்கவில்லை. வீட்டில் யாராவது அடிக்கிறார்களா, படுக்கப் பயமாக இருக்கிறதா, நேரத்துக்குச் சாப்பாடு கிடைக்கிறதா என்று முதலில் கேட்டார். சாப்பாடுதான் அளவுக்கு மிஞ்சிக் கிடைக்கிறது என்றேன். பிறகு படிவத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினார்.

“பிள்ளை, இது அமெரிக்கப் படிவம். இங்கிலாந்தில இப்பிடி ஒரு சட்டம் இல்லை. அம்மா அப்பாவை ரத்துச் செய்ய ஏலாது.”

என் புரட்சி நான்கு நிமிஷத்தில் முடிந்தது. ஆனால் அதோடு நான் நான்கு பக்கத்தில் காரணங்களும் எழுதிக்கொண்டு போயிருந்தேன். போனை வாங்கி வைப்பது, டொக்டராகும் மச்சாளோடு ஒப்பிடுவது, ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்தால் உள்ளே மீன்குழம்பு இருப்பது. காலமெல்லாம் அகதி மனுக்களை வாசித்த மனிதர் என் மனுவையும் அப்படியே வரி வரியாக வாசித்தார். பென்சிலால் ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டே போனார். கடைசிப் பக்கத்தின் அடியில் பென்சில் நின்றது.

“இதெல்லாம் சோடனை. உண்மைக் காரணம் இதுதான். இதை ஏன் இவ்வளவு சின்ன எழுத்தில எழுதினீர்?”

‘என் மாமாவின் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுக்கிறார்கள்’ என்று அங்கே இருந்தது. அவர் எல்லாத் தாள்களையும் ஓர் உறைக்குள் போட்டு, இது நீதவானுக்குப் போக வேண்டிய மனு இல்லை, அம்மாவுக்குப் போக வேண்டியது என்று தந்தார்.

கொடுத்தேன். அம்மா ஷிப்ட் முடிந்து வந்து, கோட்டைக் கூடக் கழற்றாமல் குசினி மேசையில் உட்கார்ந்து வாசித்தார். அப்பா தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

“விடுதலையோ? இந்த வீட்டில நீ ஒரு கோப்பை கழுவி நான் காணேல்லை. என்னத்தில இருந்து விடுதலை?” என்று அப்பா உண்மையாகவே கேட்டார்.

அம்மா சிரிக்கவில்லை. அவர் கடைசிப் பக்கத்துக்கு வந்திருந்தார்.

“அந்த இடம் வெறுமையாக் கிடந்தா நான் அழுதிடுவன், பிள்ளை,” என்றார். “அவ்வளவு சனத்துக்கு முன்னால. அதுக்குத்தான் அவரைக் கூப்பிட்டனான்.”

“அழுங்கோவன்.”

“சடங்கு வீட்டில அழக்கூடாது.”

“அப்ப சிரிப்பம். மாமாவுக்கு அதுதானே விருப்பம்.”

அம்மா உங்களை மறந்துவிட்டார் என்றல்லவா நான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அவர் அழுகையை இப்படி ஒளிப்பார் என்று உங்களுக்கு முன்பே தெரிந்திருக்குமா, மாமா?

அடுத்த நாள் அம்மாவே ஜெர்மனிக்குப் போன் எடுத்து, விருந்தாளியாக வந்தால் போதும் என்றார். மறுமுனையில் பெரிய மூச்சு ஒன்று கேட்டதாம். உங்கள் இடத்தில் நிற்க அவருக்கும் பயமாம். நானூறு பேர் நாற்பதானார்கள். மண்டபம் எங்கள் வீட்டுப் பின்வளவானது. படிவத்தை அம்மா பிரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டினார். ஆனால் கையெழுத்து மட்டும் கனவிலும் நடக்காது என்றார்.

போன சனிக்கிழமை நடந்தது. மாமன் இல்லாவிட்டால் யார் தண்ணீர் வார்ப்பது என்று போன் எடுத்த சொந்தக்காரருக்கெல்லாம், மாமனின் அக்கா வார்ப்பாள் என்று ஒரே பதில். காலையில் என்னைப் பலகையில் இருத்தி, பாலும் அறுகும் தலையில் வைத்து, தேங்காய் உடைத்தார்கள். கண்ணை மூடினேன். முதல் செம்பு விழுந்தது.

ஐஸ், மாமா! கட்டியோடு! நான் கத்திய கத்தில் மூன்று வீட்டு நாய்கள் குரைத்தன. அம்மா செம்போடு, முகத்தில் ஓர் அசைவும் இல்லாமல் நின்றார்.

“உன்ர மாமன் சொன்ன சொல்லு. நான் அண்டைக்கு நித்திரை கொள்ளேல்லை.”

இப்படி ஒரு ஆளோடு பதினைந்து வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியவில்லையே!

ஆனால் என் முறை இன்னும் வரவில்லை. சேலை, நகை, தலை நிறையப் பூ. எல்லோரும் பின்வளவில் காத்திருக்க, பல்லக்குக்குப் பதிலாகப் பக்கவாசல் கேற் வழியாகத் தள்ளுவண்டியில் வோஷிங் மெஷின் பெட்டி ஒன்று உள்ளே வந்தது. தள்ளியவர் அப்பா. போட்டிருந்தது உங்கள் மஞ்சள் ஜாக்கெட். பிறந்ததிலிருந்து ஒரு பகிடி விட்டறியாத மனிதர், இதற்காக ஒரு கிழமை கண்ணாடி முன் பழகினார்.

“டெலிவரி. கையெழுத்து வேணும்.”

உள்ளே இருந்த நான் பார்ப்பதற்குப் பெட்டியில் ஓர் ஓட்டை போட்டு வைத்திருந்தேன். அம்மா முதலில் ஜாக்கெட்டைப் பார்த்தார். பிறகு நான் ஒட்டிய தாளைப் பார்த்தார். ‘அனுப்புநர்: சின்ன மாமா, மேல்மாடி. பெறுநர்: அக்கா, மிச்சம்.’ நான் தும்ம வேண்டிய நேரம் அதுதான். தும்மல் வரவில்லை. அம்மா அந்த இரண்டு வரியையும் அவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டிருந்தார். ஜெர்மன் மாமா கையில் கடித்த வடையோடு அப்படியே நின்றார்.

அம்மா அப்பாவிடமிருந்து பேனையை வாங்கினார். என் காதுக்குப் பக்கத்தில் அட்டையில் எழுதும் சத்தம் கேட்டது. அப்போது தும்மினேன். இந்த முறை பேனை பறக்கவில்லை. அம்மா நாற்பது பேருக்கு முன்னால் அழுதார், அழுதுகொண்டே வயிற்றைப் பிடித்துச் சிரித்தார். சடங்கு வீட்டில் அழக்கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்லக்கூடியவர்களும் அழுதுகொண்டுதான் இருந்தார்கள்.

அட்டையின் அந்தத் துண்டை வெட்டி, கையெழுத்து விழாத படிவத்துக்குப் பக்கத்தில் பிரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன். ‘வந்து சேர்ந்தது. சேதம் இல்லை’ என்று எழுதி, அடியில் அம்மா தன் முழுப் பெயரையும் போட்டிருக்கிறார்.

விடுதலை மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், மாமா. அதற்குப் பதிலாக ஒரு வாக்கு: மாதம் ஒரு தரமாவது உங்கள் அக்காவை ஏமாற்றிச் சிரிக்க வைப்பேன். பிடிபட்டால் நீங்கள்தான் சொல்லித் தந்தீர்கள் என்பேன். உங்கள் இடத்தில் ஆள் நிறுத்த மாட்டோம். நீங்கள் அதிலேயே இருங்கள்.

மேல்மாடியிலிருந்து வந்து சேர்ந்த பார்சல்,
உங்கள் ஒரே மருமகள்
ஆரணி