இரண்டு முறை வந்த தவறான எண்

நாள் 211, காலை 09:10
எழுதுவது மரியபுஷ்பம், செவ்வாய் நிலையத்தின் மண்ணியல் ஆய்வாளர். கீழே நான் மட்டும். மேலே சுற்றும் கப்பலில் தனசீலன். இன்னும் ஆறு நாளில் இறங்கி என்னை அழைத்துப் போவான். வாராந்தரப் பதிவுக் கோப்பைக் கப்பல் வழியே பூமிக்கு அனுப்பினேன். கோப்பு முழுவதையும் கணக்கிட்டால் ஓர் எண் கிடைக்கும், செக்சம். பூமியின் கிடங்குக் கணினி தனக்கு வந்த நகலுக்கும் அதே கணக்கைப் போட்டு, எண்ணைத் தானாகவே திருப்பி அனுப்பும். ஓர் எழுத்து மாறினாலும் எண் வேறாகிவிடும்.

நாள் 211, மதியம் 14:40
எண் பொருந்தவில்லை. வழியில் சிதைந்திருக்கும். மறுபடி அனுப்பினேன்.

நாள் 212, காலை 08:25
மறுபடியும் அதே தவறான எண். சிதைவு என்றால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண் வர வேண்டும். அங்கே போய்ச் சேர்வது வேறொரு கோப்பு. சீலனிடம் கேட்டேன். "சூரியப் புயல்க்கா, விட்டுருங்க" என்றான்.
கிடங்கிலுள்ள நகலைத் திருப்பி அனுப்பக் கட்டளை கொடுத்தேன்.

நாள் 213, காலை 11:50
நகல் வந்தது. என் கோப்போடு வரிக்கு வரி ஒப்பிட்டேன். நாள் 205 முதல் எல்லாம் மாறியிருக்கிறது. ஆக்சிஜன் செலவு பூஜ்யம். இதயத் துடிப்பு பூஜ்யம்.
பூமியைப் பொறுத்தவரை நான் செத்து ஒரு வாரத்துக்கு மேலாகிறது.

நாள் 213, மதியம் 13:05
சீலனைக் கூப்பிட்டு, பார்த்ததைச் சொன்னேன். அவன் சொன்னது:
"இறங்குகலத்து எஞ்சின் சோதனையில ரெண்டு தடவை அணைஞ்சு போச்சுக்கா. கீழ ஆள் உயிரோட இருக்குன்னா இறங்குன்னுதான் சொல்லுவாங்க. எனக்குப் பயமா இருந்துச்சு."
பத்து வருடமாக என்னை அக்கா என்று கூப்பிடுகிறவன். இப்போதும் அப்படித்தான் கூப்பிட்டான்.
என் அம்மாவிடம் யார் சொன்னது என்று கேட்டேன்.
"நான்தான் பேசினேன். தூக்கத்துலயே போயிட்டீங்கன்னு சொன்னேன். ரொம்ப அழுதாங்க. நீயாவது பத்திரமா வந்து சேருப்பான்னாங்க."
தொடர்பை அவன்தான் துண்டித்தான்.

நாள் 214, காலை 07:30
கப்பல் தலைக்கு மேல் வரவேண்டிய நேரம் தாண்டி நாற்பது நிமிடம். ரேடியோவில் இரைச்சல் மட்டும். இங்கிருந்து பூமியை நேராக எட்டும் ஆன்டெனா கிடையாது. காற்று இருபது நாளுக்கு வரும்.

நாள் 214, நேரம் பார்க்கவில்லை
அவன் தூத்துக்குடியில் அம்மா வீட்டுக்குப் போவான். துக்கம் கேட்கப் போகாமல் இருக்க முடியாது. கட்டிலில் உட்காரச் சொல்வாள். நான் கடைசியாக என்ன பேசினேன் என்று கேட்பாள். அவன் ஏதாவது சொல்வான். அம்மா அதை நம்பி, அவன் கையைப் பிடித்துக்கொண்டு