மொட்டைமாடியில் ஒரு ரவுட்டர்

ஜூலை 14, திங்கள்

வேலைக்கு நடுவே மறுபடியும் நெட் போய்விட்டது. சென்னையிலிருந்து மேனேஜர் நிதானமாகச் சொன்னார்: "மீனலோசினி, ஒரு டெஸ்ட் வைக்கிறோம். வீடியோ கால் ஒரு மணி நேரம் அறுபடாம இருந்தா வீட்டிலிருந்தே வேலை பாருங்க. இல்லேன்னா ஆபீஸ் வந்துருங்க."

அம்மா இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கிறாள். கழிப்பறைக்குப் போகக்கூட என் தோள் வேண்டும். அப்பா இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. அவளை விட்டுவிட்டு நான் எங்கே போவேன்?

ஜூலை 19, சனி

எங்கள் கிராமத்துக்குக் கேபிள் வராதாம். சங்கரன்கோவிலில் போன் கடை வைத்திருக்கும் ஆனந்தகுமார் அண்ணாச்சி வந்து, சிம் போடுகிற ரவுட்டர் ஒன்றை மாட்டினார். மொட்டைமாடியில் ஆன்டெனாவைச் சங்கரன்கோவில் டவரைப் பார்த்துத் திருப்பி வைத்தார். "காலையில நல்லாக் கெடைக்கும். சாயங்காலம் எல்லாவனும் போனை நோண்டுவான், மந்தமாத்தான் இருக்கும். நான் என்னம்மா செய்ய?"

என் ஷிப்ட்டே மாலையில்தான்.

ஜூலை 22

ஒரு மெயில்கூடப் போகவில்லை. ரவுட்டரை அணைத்துப் போட்டேன், ஜன்னலுக்கு மாற்றினேன், திட்டினேன். திட்டினால் கேட்க அது என்ன மாமன் மகனா?

ஜூலை 30, புதன்

டெஸ்ட் மாலை நான்கு மணிக்கு. தேதியை மட்டும் நானே சொல்லலாமாம். அம்மாதான் யோசனை சொன்னாள்: "ஏட்டி, ஆடித்தபசு அன்னைக்குக் கேளு. ஊரே திருவிழாவுக்குச் சங்கரன்கோவில் போயிரும். இங்கன போனை நோண்ட ஒரு ஆளு இருக்காது."

படுக்கையில் கிடந்தாலும் மூளை எப்படி ஓடுகிறது! உடனே ஆகஸ்ட் ஏழு என்று எழுதிப் போட்டேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

தெரு காலி. பக்கத்து வீட்டுப் பாலம்மாள் அக்காகூட, தபசுக் காட்சியில் சாமியை நோக்கி வீசிச் சூறைவிடப் பருத்தியும் மிளகாய் வத்தலும் எடுத்துக்கொண்டு மதியமே கிளம்பிவிட்டாள். எவ்வளவு சந்தோஷப்பட்டேன், முட்டாள்.

நான்கு மணி. கால் சேரவே இல்லை. வட்டம் சுற்றுகிறது — சுற்றிக்கொண்டே இருக்கிறது. அண்ணாச்சிக்குப் போன் போட்டால் அதுவும் போகவில்லை. அப்போதுதான் உறைத்தது. ஊர் காலிதான், ஆனால் போன ஜனம் எல்லாம் அந்த டவருக்கு அடியில்தானே நிற்கிறது! வெளியூர்க் கூட்டம் வேறு லட்சக்கணக்கில். ஆளாளுக்குப் போனைத் தூக்கிச் சாமியைப் படம் பிடித்து அனுப்பிக்கொண்டிருப்பார்கள்.

வருஷா வருஷம் பார்க்கிற திருவிழாதானே? எனக்கும் அம்மாவுக்கும் இது ஏன் தோன்றவில்லை? மாடியிலேயே உட்கார்ந்து அழுதேன். கீழே இருந்து அம்மா, "கெடச்சுட்டாட்டி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஆகஸ்ட் 8

இன்னொரு நாள் கேட்டேன். "தேதி நீங்க சொன்னதுதானே?" என்றார் மேனேஜர். ஆபீஸ் வந்து சேர இரண்டு வாரம் மட்டும் கேட்டேன்.

ஆகஸ்ட் 11

"நான்தாம்ட்டி ஒன் பொழப்பக் கெடுத்தேன்" என்று அம்மா அழுகிறாள். இல்லவே இல்லை என்றேன். நம்பவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

சென்னை, ஹாஸ்டல். இங்கே நெட் பிரமாதம். மதியம் அம்மாவை வீடியோவில் கூப்பிட்டேன். காலையும் மாலையும் வந்து பார்த்துக்கொள்கிற பாலம்மாள் அக்கா, அம்மாவுக்குத் தலை வாரிப் பொட்டு வைத்துவிட்டு, அவள் முகத்துக்கு நேராகப் போனைப் பிடித்தாள். "யாரும்மா உன்னைக் குளிக்க வச்சா?" என்றேன். அம்மா வாயைத் திறந்தாள், படம் அப்படியே நின்றுவிட்டது.

அணைக்க மனம் வரவில்லை. எதிரே வைத்துக்கொண்டு சாப்பிட்டேன்.