லிஸ்பனில் நான்கு பேஸ்திரிக் கடைகள், ஒரு கிடாரம்

மார்ச் 3, செவ்வாய். மழை, காற்று.

அநியாயம் இதுதான்: போர்த்துக்கல் பாத்திமா மாதா யாத்திரைத் திட்டத்தில் இருந்து என் நான்கு பேஸ்திரிக் கடைகளையும் கொமிற்றித் தலைவர் அல்பிரட் (இனி அல்.) வெட்டிவிட்டார். என்னிடம் கேட்கவில்லை. லிஸ்பனில் நிற்கும் ஒரே நாள். கடைகள் இருந்த இடத்தில் இப்போது "சமையல், ஓய்வு".

சமையல் நான். ஓய்வு யாருக்கென்று எழுதத் தேவையில்லை.

போன முறை லூர்து மாதாவிடம், இங்கே டென்மார்க் ஹோர்சன்ஸில் இருந்து பஸ்ஸில் போனோம். பஸ்ஸின் வயிற்றில் ஊருக்கே சோறு வடிக்கும் கிடாரம், அரிசி, காஸ் அடுப்பு. எல்லோரும் குகையில் இருக்கும் மாதா கெபிக்குப் போனார்கள். நான் வாகனத் தரிப்பிடத்தில் சோறு வடித்தேன். மறக்கமாட்டேன்.

மார்ச் 4, புதன். மழை விட்டது.

கால் வீக்கம். தைலம் வாங்க வேண்டும்.

கடைகளைச் சும்மா எழுதிக் கொடுக்கவில்லை. குளிர்காலம் முழுக்கப் படித்தது. நூலகப் புத்தகம், டேனிஷில், அகராதியோடு.

– பெலெமில், மடத்துக்குக் கிட்ட. நீல ஓடு பதித்த சுவர். நாட்டா: முறுகல் மாக் கிண்ணம், உள்ளே முட்டைப் பாகு, மேலே கருகல் புள்ளி. வரிசையைக் கண்டு திரும்பக் கூடாது. உள்ளே மேசைகள் நிறைய.
– பழைய நகரில், சுவரெல்லாம் முகக்கண்ணாடி. அங்கே நின்றபடி கோப்பி குடிப்பார்கள். எனக்கு இருக்கக் கதிரை வேண்டும்.
– மேட்டில், மடத்துப் பலகாரம் மட்டும். கன்னியாஸ்திரிகள் வெள்ளைக்கருவால் உடுப்புக்குக் கஞ்சி போட்டார்களாம். மிஞ்சிய மஞ்சள் கருவெல்லாம் பலகாரம்.
– ஆற்றோரம், சீஸ் போட்ட சின்னக் கேக்.

எல்லாவற்றுக்கும் மேலே தூவுவது கறுவாப் பட்டைத் தூள். கறுவாவுக்காக எங்கள் இலங்கைத் தீவுக்கு வந்த போர்த்துக்கேயர் வேதத்தைத் தந்தார்கள், நாட்டாவைத் தரவில்லை. போய்த் தின்கிறேன்.

மார்ச் 8, ஞாயிறு. வெயில், ஆனால் குளிர்.

பூசை முடிந்து மண்டபத்தில் கூட்டம். கோப்பி வெறும் தண்ணீர். ஏன் வெட்டினீர்கள் என்று எழும்பிக் கேட்டேன்.

"அக்கா, நாங்கள் மாதாவிட்டப் போறமோ, கேக் தின்னப் போறமோ?" அல்.

"மாதாவிட்டப் போறவைக்குப் பசிக்காதோ?"

"அதுக்குத்தானே உங்கட சோறு. உங்கட கையால சாப்பிட்டாத்தான் சனத்துக்கு யாத்திரை."

எல்லோரும் சிரித்தார்கள். நான் இல்லை.

"கிடாரம் எப்பிடி வரும்?"

"வழமை மாதிரித்தான். கீழ, பெட்டியளோட."

"எதுக்குக் கீழ, தம்பி?"

திட்டத் தாளைப் புரட்டினார். இம்முறை விமானம். மலிவு டிக்கெட், ஆளுக்கொரு கைப்பை. பதிவு செய்தவரே அவர்தான். செய்துவிட்டு லூர்து பஸ் திட்டத்தையே பார்த்து எழுதியிருக்கிறார். கிடாரம், காஸ் சிலிண்டர், எல்லாம்.

அவர் மனைவி பிலோமினாதான் முதலில்: "இஞ்சருங்கோ, சிலிண்டரை மடியிலயோ வச்சுக்கொண்டு வரப்போறியள்?"

இப்போது நானும் சிரித்தேன்.

அல். விடவில்லை. "ஆளுக்கொரு சுண்டு அரிசி கொண்டுவந்தா... சட்டியை அங்க வாங்கலாம்."

"ஆர் சமைக்கிறது?" பிலோமினா.

எல்லாக் கண்ணும் என் பக்கம். பழக்கம்.

"நான் சமைக்கேல்லை. லிஸ்பனில நான் கதிரையில இருப்பன். ஆரோ ஒராள் கொண்டுவந்து வைக்கட்டும்."

கடைகளுக்கு ஓமென்று பிலோமினா கை உயர்த்தினாள். பிறகு பெண்கள் எல்லோரும். ஆண்கள் ஒவ்வொருவராக. கடைசியில் அல்., தோள் வரைக்கும்தான்.

நான்கு கடையும் திரும்ப ஏறிவிட்டன. பஸ்ஸை விட்டு நடந்தே வந்தேன். கால் வலி தெரியவில்லை.

மார்ச் 9, திங்கள். மூடுபனி.

தைலம் இன்னும் வாங்கவில்லை. காலையில் அல். ஃபோன்.

"அக்கா, கோவமோ?"

"ஓம்."

"நீங்கள் வெண்டிட்டியளே, இன்னுமோ?"

"லூர்துக்கும் சேர்த்து."

செய்ய வேண்டியவை:

அல்.: புதுத் திட்டம் அடித்து எல்லோருக்கும் அனுப்புவது. பெலெமில் வரிசையில் நிற்பது.
பிலோமினா: மேசை பிடிப்பது, யன்னல் பக்கம்.
பெடியள்: தட்டுத் தூக்குவது. கறுவாத் தூளை மறக்காமல் கேட்பது.
கிடாரம்: மண்டபத்து நிலவறையில் கவிழ்ந்து கிடப்பது.
நான்: கதிரையில் இருப்பது.