புகை நின்ற வண்டி

ஜூன் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கச்சி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அண்ணியும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறார்கள்? மாதம் ஒரு கடிதம் போடுவேன் என்று என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தவன் நீதானே? கையெல்லாம் கிரீஸ், பேனா வழுக்குகிறது என்ற மெக்கானிக் சாக்கெல்லாம் இனி செல்லாது.

ஒரு நல்ல செய்தி. நீ கொடுத்த வண்டி புகை விடுவதை நிறுத்திவிட்டது! "கொசு மருந்து வண்டி வருது, ஜன்னலைச் சாத்துங்க"ன்னு கேலி பேசிய தெரு இப்போது வாயைப் பிளக்கிறது. எல்லாம் உன் மாப்பிள்ளையின் கைராசி. ஒரு மாதமாக அவரே கேனில் பெட்ரோல் வாங்கி வந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுகிறார். "வீடு வீடாப் போய் ரத்தம் எடுத்து லேப்ல கொண்டு குடுக்கறதே உனக்குப் பெரும்பாடு. வண்டியை நான் பாத்துக்கறேன்" என்கிறார். போன வருடம் இதே வண்டியைக் கொளுத்திவிடுவேன் என்று குதித்த மனிதர்தானா இவர் என்று இருக்கிறது.

ஒன்றே ஒன்றுதான். மேட்டில் ஏறும்போது இன்ஜினுக்குள் டப்பாவில் ஆணி குலுக்குகிற மாதிரி சத்தம். நேற்று ஒரு நொடி யாரோ பின்னால் பிடித்து இழுத்த மாதிரி இருந்தது, பிறகு விட்டுவிட்டது. சாவகாசமாக என்னவென்று எழுது.

உன் தங்கச்சி

ஜூன் 9

தங்கச்சி,

நலம் விசாரிக்கப் பொறுமையில்லை. வீட்டுக்கு எழுதினால் அவர் கையில் சிக்கும் என்று உன் ஊர்ப் பக்கம் வரும் தெரிந்த லாரிக்காரர் ஒருவரிடம் கொடுத்து லேப் முகவரிக்கு அனுப்புகிறேன்.

உன் வண்டி டூ-ஸ்ட்ரோக் வண்டி. அந்த இன்ஜினுக்கு ஆயில் தனியாகக் கிடையாது, பெட்ரோலோடு கலந்துதான் உள்ளே போகும். அந்த ஆயில் எரிகிற புகைதான் அது. புகை சுத்தமாக நின்றால் ஆயில் இல்லை என்று அர்த்தம். உள்ளே பிஸ்டன் காய்ந்துபோய் உரசுகிறது. ஆணி சத்தம் அதுதான். உன்னைப் பிடித்து இழுத்தது யாருமில்லை, பிஸ்டன் ஒரு நொடி ஒட்டிக்கொண்டு விட்டிருக்கிறது. அடுத்த முறை விடாது. பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும், ஆளைத் தூக்கி வீசும். உன் வீட்டு இறக்கத்தில், அந்தக் கல் லாரிகளுக்கு நடுவே அப்படி விழுந்தால் என்ன ஆகும்?

வெள்ளைத் தாளில் டேங்க் பெட்ரோல் ஒரு சொட்டு விடு. காய்ந்த பிறகு எண்ணெய்க் கறை இருந்தால் சரி. இல்லாவிட்டால் வண்டியைத் தொடாதே. தொட்டே ஆகவேண்டுமென்றால் இடது கை விரல் எந்நேரமும் க்ளட்ச் மேலேயே இருக்கட்டும். பூட்டிக்கொண்ட நொடியில் அதை அழுத்தினால் பிழைக்கலாம்.

இன்னொன்று. வண்டியைக் கொடுத்த அன்றே ஆயில் விஷயத்தை அவர் முகத்துக்கு நேரே சொன்னேன், தலையாட்டினார். தெரியாது என்று சொல்ல வழியில்லை. எனக்கு அவரைப் பிடிக்காது, அது ஊரறிந்தது. ஆனாலும் யோசி.

அண்ணன்

ஜூன் 12

அண்ணா,

உன் கடிதத்தின் ஓரத்திலேயே சொட்டு விட்டேன். காய்ந்துவிட்டது. கறையே இல்லை, அந்த இடம் பளிச்சென்று வெள்ளையாக இருக்கிறது.

இத்தனை நாள் பழைய பங்க்கில் அவர்களே ஆயிலைக் கலந்து ஊற்றுவார்கள், நான் கவனித்ததே இல்லை. இன்று காலை அவர் வாசலில் நின்று, "இறக்கத்துல பயப்படாமப் போ, வண்டி இப்ப ஜம்முனு இருக்கு" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போய்ப் பூட்டிவிட்டு, லேப்புக்கு நடந்தே போனேன், திரும்பும்போதும் தள்ளியே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பக்கத்தில் படுத்திருக்கிற மனிதரைப் பார்த்தால் யாரோ மாதிரி இருக்கிறது. கேட்டுவிடட்டுமா? வாய் வரைக்கும் வருகிறது. சீக்கிரம் பதில் போடு.

தங்கச்சி

ஜூன் 14

தங்கச்சி,

கேட்காதே. உனக்குத் தெரிந்துவிட்டது என்று தெரிந்தால் வேறு வழி தேடுவார். காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொள். சனிக்கிழமை நான் லாரியிலேயே வந்து உன்னை அழைத்துக்கொள்கிறேன். அதுவரை வாயைத் திறக்காதே. இந்த ஒரு விஷயத்திலாவது அண்ணன் பேச்சைக் கேள்.

அண்ணன்

ஜூன் 20

அண்ணா,

சனிக்கிழமை லாரி வரவில்லை. வழியில் பழுதானது என்று பிறகு சொன்னார்கள். உனக்கு எழுத இன்றுதான் கை வருகிறது.

திங்கள் காலையும் காய்ச்சல் என்றே படுத்திருந்தேன். விடியலில் பக்கத்து வீட்டுக்கு மட்டும் எழுந்து போய் எடுத்த ரத்தம் ஐஸ் டப்பாவில் இருந்தது. அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நீ படுத்துக்க, நானே லேப்ல குடுத்துட்டு அப்படியே அச்சாபீஸ் வேலைக்குப் போயிடறேன்" என்று சாவியைக் கேட்டார். கொடுத்தேன், அண்ணா. என்னைக் கொல்ல வைத்த வண்டியில் நீங்களே போங்கள் என்று ஒரு கணம் நினைத்தேன். அதை மறைக்க மாட்டேன்.

வாசலில் ஸ்டார்ட் செய்து முறுக்கினார். "பாத்தியா, பொட்டுப் புகை இல்ல! அந்த பங்க்காரன் பெட்ரோல்ல எதையோ கலந்து ஊத்தினான், என் கண்ணால பாத்தேன். திருட்டுப்பய! இப்ப சுத்தமானதாப் பாத்து வாங்கறேன்ல?" என்றார்.

பங்க்காரன் ஊற்றிய ஆயிலைக் கலப்படம் என்று நினைத்திருக்கிறார், அண்ணா. அவ்வளவுதான். நீ ஆயில் விஷயம் சொன்ன அன்று வண்டி ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற எனக்கே ஒன்றும் கேட்கவில்லை. அவர் யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவார், உனக்குத் தெரியாதா?

எனக்கு உறைப்பதற்குள் வண்டி இறக்கத்தில் இறங்கிவிட்டது. நிறுத்துங்க, நிறுத்துங்க என்று கத்திக்கொண்டே ஓடினேன். திரும்பிப் பார்த்தார். காய்ச்சலோடு வழியனுப்ப ஓடிவருகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, சிரித்துக்கொண்டே கையை ஆட்டினார். இடது கை. க்ளட்ச்மேல் இருக்கவேண்டிய கை. அப்போதுதான் சக்கரம் பூட்டிக்கொண்டது. பின்னால் வந்த கல் லாரிக்காரர் பிரேக் அடித்தார், அவர்மேல் குற்றமில்லை.

என் மடியில் கிடந்து டப்பா உடைந்துவிட்டதா என்று கேட்டார். அப்புறம், "வண்டி நல்லாத்தானே ஓடுச்சு, என்னடி ஆச்சு?" என்றார். அதற்கும் நான் வாயைத் திறக்கவில்லை. நேற்று விடிகாலையில் போய்விட்டார்.

உன்மேல் எனக்குக் கோபம். என்மேல் அதைவிடக் கோபம். நீ வராதே. உன்னைப் பார்த்தால் அழுதுவிடுவேன், நீயும் தேற்றுவாய், எனக்கு ஆறுதலாகக்கூட இருக்கும். அது எனக்கு வேண்டாம்.

வண்டியைப் போலீஸ்காரர்கள் திருப்பிக் கொண்டுவந்து வாசலில் போட்டிருக்கிறார்கள். எடுத்துப் போக ஆள் அனுப்பு.

அவர் மனைவி